கடல்வாழ் உயிர்களிலிருந்து கூட்டுச்சர்க்கரைகள் (பாலிசாக்கரைடுகள்): பிரித்தெடுப்பும் சுத்திகரிப்பும் (கேள்வி பதில்)

கேள்வி: பழுப்புக் கடற்பாசிப் பொடியை வெந்நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, எத்தனால் ஊற்றினேன். நிறையவே வீழ்படிந்தது, ஆனால் பழுப்பு நிறம். இதை ஃபியூகாய்டன் (பழுப்புப் பாசியின் சல்பேட் ஏறிய கூட்டுச்சர்க்கரை) என்று எழுதலாமா அம்மா?

பதில்: எழுதக் கூடாது. உங்கள் கையில் இருப்பது ஃபியூகாய்டன், அதே பாசியின் மற்றக் கூட்டுச்சர்க்கரைகளான அல்ஜினேட், லாமினாரின், கூடவே புரதம், பாலிபீனால், கடலுப்பு எல்லாம் கலந்த பொடி. "நிறைய" கிடைத்ததே சந்தேகத்துக்கு முதல் காரணம்.

வெந்நீருக்குப் போவதற்கு முன் பொடியை 80 முதல் 85 சதவீத எத்தனாலில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். நிறமி, மானிட்டால், பீனால்களில் ஒரு பகுதி, சிறு மூலக்கூறுகள் அதிலேயே போய்விடும். இதைச் சோம்பலில் தவிர்ப்பவர்கள்தாம் பிறகு நிறம் நீக்க வாரக்கணக்கில் போராடுகிறார்கள்.

அடுத்து, வெறும் நீருக்குப் பதில் 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் சூடாக்கிப் பிரியுங்கள். அல்ஜினேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாமல் சக்கையிலேயே தங்கும். ஃபியூகாய்டன் கரைசலுக்கு வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இதே வேலையைச் செய்யும், அல்ஜினேட் அல்ஜினிக் அமிலமாகி நின்றுவிடும். ஆனால் ஃபியூகாய்டனின் அடிப்படைச் சர்க்கரையான ஃபியூகோஸின் பிணைப்புகளுக்கு அமிலம் ஆகாது. சர்க்கரைச் சங்கிலி துண்டாகும், சல்பேட்டும் உதிரும். கட்டமைப்பை ஆராயப் போகிறீர்கள் என்றால் கால்சியம் வழிதான் என் தேர்வு. மீந்த சக்கையை வீணாக்க வேண்டாம்: அமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்துக் கால்சியத்தை நீக்கி, சோடியம் கார்பனேட்டில் கரைத்தால் அல்ஜினேட் தனியாக வரும்.

லாமினாரின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மின்னூட்டம் கிடையாது. டிஇஏஇ அயனிப் பரிமாற்றப் பத்தியில் (எதிர்மின் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் குழாய்) அது நிற்காமல் இறங்கிவிடும். ஃபியூகாய்டன் பிடிபட்டு, சோடியம் குளோரைடு செறிவை ஏற்றிக்கொண்டே போகும்போது சல்பேட் அளவுக்கேற்பப் பகுதி பகுதியாக வெளிவரும்.

கேள்வி: டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்த கரைசலில் நான்கு பங்கு எத்தனால் ஊற்றினேன். பால்போல் கலங்குகிறது, படியவே இல்லை.

பதில்: உப்பு இல்லை, அவ்வளவுதான். எதிர்மின் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கொஞ்சம் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் அசிட்டேட் சேருங்கள்.

கேள்வி: லாமினாரின் பிரிக்கும்போது டயாலிசிஸுக்குப் பின் எதுவுமே மிஞ்சவில்லை. பையின் வரம்பு 12,000 டால்டன் (மூலக்கூறு எடை அலகு).

பதில்: லாமினாரின் சுமார் 5,000 டால்டன்தான், பல நேரம் அதற்கும் கீழே. பையின் வழியே வெளியேறி, நீங்கள் கீழே கொட்டிய தண்ணீரோடு போய்விட்டது. 1,000 டால்டன் வரம்புள்ள சவ்வை எடுங்கள்.

கேள்வி: கிராசிலேரியா என்ற செம்பாசியிலிருந்து எடுத்த அகர் கூழாகத்தான் நிற்கிறது, கெட்டியாக உறைவதில்லை. பாசி மட்டமானதா அக்கா?

பதில்: பாசியைப் பழிக்க வேண்டாம். கிராசிலேரியாவின் சங்கிலியில் ஆறாம் கார்பனில் சல்பேட் ஏறிய எல்-காலக்டோஸ் அலகுகள் உண்டு. அந்த இடங்களில் சங்கிலி வளைந்து, சுருளாக இணைய முடியாமல் போகிறது. பிரித்தெடுப்புக்கு முன் பாசியைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்தால் அந்த சல்பேட் கழன்று 3,6-அன்ஹைட்ரோகாலக்டோஸ் உருவாகும். கூழின் வலு நன்றாகக் கூடும். பிறகு காரம் போகக் கழுவி, நடுநிலைக்குக் கொண்டுவந்து கொதிக்கவிடுங்கள். நடுநிலையாக்கும்போது அமிலம் மிகுந்துவிட்டால் கொதிநிலையில் சங்கிலி அறுந்து, பட்ட பாடெல்லாம் வீண். உறைந்த அகரைக் குளிரில் கட்டியாக்கி உருகவிடுவது பழைய முறைதான் என்றாலும் அருமையான சுத்திகரிப்பு: உருகி ஓடும் நீரோடு உப்பும் கரையும் மாசும் போய்விடும்.

கேள்வி: இறால் ஓட்டிலிருந்து கைட்டின் என்ற கூட்டுச்சர்க்கரையைப் பிரிக்க அமிலம் முதலா, காரம் முதலா?

பதில்: இரண்டும் நடைமுறையில் உண்டு. புரதத்தையும் மீட்க வேண்டுமானால் காரம் முதலில். கைட்டின் மட்டும் போதுமென்றால் நான் அமிலத்தில் தொடங்குவேன். கால்சியம் கார்பனேட் போனபின் காரம் உள்ளே எளிதாக நுழையும். அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், கரியமில வாயு பொங்கிப் பாத்திரம் வழியும். அமிலத்தைச் சூடாக்கவும் கூடாது, சங்கிலி அறும். கைட்டினின் அசிட்டைல் தொகுதிகளை நீக்கிப் பெறும் கைட்டோசானுக்கு 40 முதல் 50 சதவீதக் காரமும் 100 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வேண்டும். விளைபொருள் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரையாவிட்டால் அசிட்டைல் நீக்கம் போதவில்லை.

கேள்வி: கடல் வெள்ளரியின் உடற்சுவரிலிருந்து காண்ட்ராய்டின் சல்பேட் என்ற கூட்டுச்சர்க்கரையை எடுக்க வெந்நீர் போதுமா?

பதில்: போதாது. விலங்குத் திசுக்களில் இந்தச் சங்கிலிகள் புரதத்தோடு சகப்பிணைப்பில் கட்டுண்டவை. பப்பாயின் நொதியை 60 டிகிரியில், இடிடிஏவும் சிஸ்டீனும் சேர்த்து ஓர் இரவு வேலை செய்ய விடுங்கள். பின்னர் செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற நேர்மின் சோப்புப்பொருளைச் சேர்த்தால் சல்பேட் ஏறியவை போன்ற எதிர்மின் சங்கிலிகள் வீழ்படியும். அதை அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து, எத்தனாலில் மறுபடி வீழ்த்துங்கள். கடல் வெள்ளரியில் ஃபியூகோஸ் கிளைகொண்ட காண்ட்ராய்டின் சல்பேட்டுடன் சல்பேட் ஏறிய ஃபியூக்கானும் (ஃபியூகோஸ் சங்கிலி) கூடவே வரும். இரண்டையும் பிரிக்க அயனிப் பரிமாற்றப் பத்தி தேவை.

கேள்வி: ஃபீனால்–கந்தக அமிலச் சோதனையில் 92 சதவீதம் சர்க்கரை. தூய்மை என்று முடித்துவிடலாமா?

பதில்: எந்தச் சர்க்கரையை அளவுகோலாக வைத்தீர்கள்? குளுக்கோஸுக்கும் ஃபியூகோஸுக்கும் நிறம் ஒரே அளவில் எழும்பாது. மேலும், நன்கு சல்பேட் ஏறிய ஃபியூகாய்டனின் எடையில் சல்பேட்டுக்கே பெரிய பங்கு உண்டு. அதில் 92 சதவீதம் சர்க்கரை வருகிறதென்றால் சோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வடிதாளின் நார்த்துகள்கூடச் செல்லுலோஸ்தான், அதுவும் நிறம் காட்டும். சர்க்கரை, யூரோனிக் அமிலம் (அமிலச் சர்க்கரை), சல்பேட், புரதம், சாம்பல் ஐந்தையும் அளந்து கூட்டிப் பாருங்கள். மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் பத்தியில் ஒற்றை முகடு வந்தால் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவு என்று மட்டுமே பொருள். செம்பாசிப் பொருளாக இருந்தால் இன்னொன்று: வழக்கமான அமில நீராற்பகுப்பில் அன்ஹைட்ரோகாலக்டோஸ் சிதைந்து, கணக்கிலேயே வராமல் போகும்.

கேள்வி: என் மாதிரி மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களை வெகுவாகத் தூண்டுகிறது! அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்து எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) கலந்திருக்கிறதா எனச் சோதியுங்கள். கடற்பாசியின் மேற்பரப்பில் கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் ஏராளம். அவற்றின் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது அந்த எண்டோடாக்சின், மிகச் சொற்ப அளவிலேயே இந்த விளைவைத் தந்துவிடும். குதிரைலாட நண்டு இரத்தத்தாலான வழக்கமான சோதனை பீட்டா-1,3-குளுக்கானுக்கும் வினைபுரியும், ஆகவே அந்த வகையைச் சேர்ந்த லாமினாரின் கலந்திருந்தால் பொய்யான முடிவு வரும். இந்தக் குளுக்கானுக்கு வினைபுரியாத மறுகூட்டு காரணி-சி சோதனையை நாடுங்கள். எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின்-பி சேர்த்துத் தூண்டல் அடங்குகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் அது நேர்மின் மூலக்கூறு, உங்கள் சல்பேட் சங்கிலியையும் பற்றிக்கொள்ளும். அதை மட்டும் வைத்து முடிவெழுத வேண்டாம்.