ஜெயிலுக்குப் போனவரும் வாய்தா வாங்கியவரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கருங்கல் பக்கம். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தண்டனை பெற்ற அரசியல்வாதிகளை மக்கள் ஏன் மறுபடியும் ஜெயிக்க வைக்கிறார்கள்? அமெரிக்காவில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கிய டிரம்ப் அதே 2024இல் அதிபர் தேர்தலில் ஜெயிக்கிறார். இங்கே லாலு, ஜெயலலிதா. வீட்டில் இதைப் பேசினால் என் பாட்டி, "கேஸு இல்லாதவன் ஆருடா இருக்கான்?" என்கிறாள். சண்டை போட்டுவிட்டு மூன்று வாரமாக அவளிடம் பேசவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. இங்கேயே இப்படி என்றால்? ஓட்டுப்போட ஒரு தேர்வு வைக்க வேண்டும், தண்டனை பெற்றவர்களுக்கு வாழ்நாள் தடை வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

முதலில் போய்ப் பாட்டியிடம் பேசு. வயதானவர்களுக்கு மூன்று வாரம் பெரிய காலம். தேர்தலுக்காகச் சொந்தப் பாட்டியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனுக்கு நாட்டைப் பற்றி இருக்கும் கவலையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உன் கடிதத்தில் என்னைத் தொட்டது அவள் கேட்ட கேள்விதான். ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கும் கேள்வி அது.

ஓட்டுக்குத் தேர்வு என்ற பேச்சை இத்தோடு விடு. திருவிதாங்கூரில் மக்கள் சபை தொடங்கிய காலத்தில் நிலவரி கட்டியவருக்கும் வசதியுள்ளவருக்கும் பட்டதாரிக்கும்தான் ஓட்டு. உன் பாட்டியின் பாட்டிக்கு அதில் இடமில்லை. அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவா நீ படித்தாய்?

அமெரிக்காவையும் விட்டுவிடு. வாஷிங்டன் மேயராக இருந்த மாரியன் பாரி 1990இல் கொக்கைன் வழக்கில் தண்டனை பெற்றார், ஆறு மாதம் சிறையில் இருந்தார், 1994இல் மறுபடியும் மேயர் ஆனார். அங்கே படித்தவர்களுக்கா குறைச்சல்? எழுத்தறிவை வைத்து இதை அளக்க முடியாது.

நம் நாட்டில் சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவி போகும், விடுதலையான பிறகும் ஆறு வருடம் தேர்தலில் நிற்க முடியாது. மேல்முறையீடு செய்து பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இருந்த வழியை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. அதனால் இங்கே தண்டனை பெற்றவரே நேராக வந்து நிற்பது அபூர்வம். அவர் கட்சி நிற்கும், மனைவி நிற்பார், மகன் நிற்பார். 2013இல் தண்டனை வந்து லாலுவின் எம்.பி. பதவி போனது. 2015இல் அவர் கட்சிதான் பீகாரில் அதிக இடம் பிடித்தது, 80 இடம். சரி, எப்போதும் அப்படித்தானா? 1998இல் நடந்த ஒரு கல்வீச்சு வழக்கில், ஓசூர் எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்தவருக்கு 2019 ஜனவரியில் தண்டனை வந்தது. இடைத்தேர்தலில் அவர் மனைவி நின்றார், தோற்றார். மக்களை மொத்தமாக முட்டாள் என்று எழுதுவதற்கு முன் ஓசூரையும் நினைத்துக்கொள்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்தில் ஜெயிலுக்குப் போவது பெருமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. நம் பகுதி அப்போது கேரளப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியும் தோழர்களும் 1954இல் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானார்கள். அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு வருடம் கழித்து நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் உள்ளே போய் வந்தவர்கள் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள், மக்களும் மனதாரப் போட்டார்கள். நேசமணி மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் யாரை டெல்லிக்கு அனுப்பியது? காமராஜரை. ஆயுளில் ஏறக்குறைய ஒன்பது வருடம் சிறையில் கழித்தவர். 1941இல் அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையாகி வந்ததும், முழுதாகக் கவனிக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார்.

ஜெயில் வாசலில் மாலை போடும் பழக்கம் அங்கே தொடங்கியது. ஊழல் வழக்கில் உள்ளே போய் வருகிறவருக்கும் இன்று அதே மாலைதான் விழுகிறது. போடுகிற கைக்கு வித்தியாசம் தெரியாமலா போயிற்று? நான் அப்படி நினைக்கவில்லை. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. கோர்ட்டு சொல்வதை நம் ஜனங்கள் நம்புவதில்லை, அதுதான் சங்கதி.

ஏன் நம்புவதில்லை என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் விளைக்கும், அதாவது தோட்டத்துக்கும், பக்கத்து விளைக்கும் நடுவே ஒரு நடைபாதை. அதில் தகராறு, சிவில் கேஸ், குழித்துறை முன்சீப் கோர்ட்டு. கேஸ் அப்பா பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும் எதிராளி ஸ்டேஷனில் போய் ஒரு புகார் கொடுத்தார்: அப்பா வெட்டுக்கத்தியால் அவர் கையைக் கிழித்துவிட்டாராம். அந்த நாளில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். ஆனால் சாட்சி சொல்ல மூன்று பேர் அந்தப் பக்கம் இருந்தார்கள். அபராதம் போட்டுத் தீர்ப்பு வந்தது. அப்பீலுக்குக் கையில் காசில்லை. கட்டிவிட்டு வந்தார்.

ஆக, என் அப்பா தண்டனை பெற்ற குற்றவாளி. அடுத்த வருடம் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்றார். ஊரே அவருக்கு ஓட்டுப் போட்டது. நீ அந்த ஊரில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பாய். ஆனால் ஊர் செய்ததுதான் சரி. தீர்ப்பை விட ஊருக்கு அப்பாவை நன்றாகத் தெரியும்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அதே தேர்தலில் இன்னொருவரும் ஜெயித்தார். சங்கத்துப் பணத்தை உண்மையிலேயே எடுத்தவர், கணக்கு எல்லாருக்கும் தெரியும். அவர் மேலும் வழக்கு இருந்தது. "பொய்க்கேஸ், எதிராளி செய்த வேலை" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அப்பாவுக்காக ஊர் எந்த நியாயத்தைச் சொன்னதோ அதே நியாயத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவை வாட்டியது தன் தண்டனை இல்லை, இதுதான். சாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார்: "நான் ஒரு வாய்தாவாவது வாங்கினேனா? அவன் வாங்கினான்லா, கேட்டியா? கள்ளன்தான் வாய்தா கேப்பான்."

தம்பி, உன் பாட்டிக்கும் இப்படி ஒரு கேஸ் தெரிந்திருக்கும். அதிர்த்திக் கல் என்கிற எல்லைக்கல், நடைபாதை, பாகப்பிரிவினை என்று குழித்துறைக்கும் இரணியலுக்கும் பத்மநாபபுரத்துக்கும் அலையாத குடும்பம் நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? "கேஸு இல்லாதவன் ஆரு" என்று அவள் கேட்பது அறியாமையால் இல்லை. கேஸ் எப்படி உண்டாகிறது என்று அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

பெரிய வழக்குகளில் அவள் கண்டது என்ன? அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் வந்த தண்டனையால் 2001இல் ஜெயலலிதாவின் வேட்புமனுக்களைத் தள்ளினார்கள். கட்சி ஜெயித்தது, முதல்வரானார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆண்டிப்பட்டியில் நின்று ஜெயித்து மறுபடியும் முதல்வர். அப்புறம் சொத்துக்குவிப்பு வழக்கு. 1991 முதல் 1996 வரை சேர்த்த சொத்துக்கு 2014இல் நான்கு வருடத் தண்டனை, 100 கோடி அபராதம். 2015இல் விடுதலை. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தண்டனைதான் சரி என்ற தீர்ப்பு, அதுவும் அவர் இறந்தபிறகு. ஆட்சி முடிந்து இருபது வருடத்துக்கு மேல். நடுவில் நாலு சட்டமன்றப் பொதுத்தேர்தல் வந்து போய்விட்டது. குற்றவாளி, இல்லை, குற்றவாளி என்று மாறிமாறிச் சொன்னால் ஒரு கிழவி எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப்போடுவாள்? தன் ரேஷன் அரிசியை, தன் ஊர்ப் பாலத்தை, தன் பேரனுக்கு வந்த லேப்டாப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

இதற்காகத் திருடனை மன்னிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சங்கத்துப் பணம் போனதில் எங்கள் ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு மீட்க முடியாமல் போன பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகம் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்காது. ஆனால் திருடன் தப்பிப்பது ஜனங்களின் முட்டாள்தனத்தால் இல்லை, கால தாமதத்தால். தாமதம் பொய்க்கேஸில் மாட்டிய நல்லவனையும் திருடனையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மேலான இப்படிப்பட்ட வழக்குகளைக் குற்றச்சாட்டுப் பதிவான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் தனி நீதிமன்றங்கள் அமைக்கச் சொன்னது. 2023 நவம்பரில், உயர் நீதிமன்றங்களே தாமாக முன்வந்து கண்காணிக்க வேண்டும் என்றது. ஒரே விஷயத்தை ஏன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று யோசி.

வாழ்நாள் தடை கேட்டாய் அல்லவா, மறந்தே போனேன். அது நாடாளுமன்றத்தின் வேலை என்று மத்திய அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. வந்தால் வரட்டும். கடைசித் தீர்ப்பு இருபது வருடம் கழித்து வரும் ஊரில் அது யாரைத் தடுக்கும்?

நீ செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வேட்பாளர்கள் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் வழக்கு எண்ணும் கோர்ட்டின் பெயரும் இருக்கும். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் விசாரணைத் தேதிகள் வரிசையாக வரும். பல வழக்குகளில் அன்றன்று என்ன நடந்தது என்பதும் இருக்கும். எத்தனை வாய்தா, யார் கேட்டது என்று பார். ஜட்ஜ் இல்லாமல் தள்ளிப்போனதையும் போலீஸ் சாட்சியைக் கொண்டுவராததையும் வேட்பாளர் தலையில் கட்டாதே, அது தனிக் கணக்கு. அவரே கேட்டு வாங்கியதை மட்டும் எடு. "இவர் மேல் இத்தனை வழக்கு" என்று சொன்னால் உன் பாட்டி காதில் வாங்க மாட்டாள். "இந்த ஒரு வழக்கில் இவர் இத்தனை வாய்தா வாங்கியிருக்கிறார்" என்று சொல்லிப் பார். நம் பக்கத்துக் கிழவிகளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டாம்.

மாவட்டத்தில் ஆறு தொகுதி. உன் கிள்ளியூரில் தொடங்கு. எந்தக் கட்சியையும் விடாதே, உனக்குப் பிடித்த கட்சியை முதலில் எடு. எழுதி அனுப்பு. வழக்கு எண்களை நானும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.