ஜெஃபர்சனை விட்டுவிட்டு ரீகரை எடுத்த ஹோவி ரோஸ்மேனை எப்படி நல்ல ஜெனரல் மேனேஜர் (அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வீரர்களைத் தேர்வுசெய்பவர்) என்கிறார்கள்?

அந்தத் தேர்வு மோசமானதுதான், அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. 2020 என்எஃப்எல் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில்) அவருடைய ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் 21வது இடத்தில் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜேலன் ரீகரை எடுத்தது, அடுத்த இடத்திலேயே மினசோட்டா, பின்னால் பெரிய நட்சத்திரமான ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு முந்தைய வருடமும் இதே கதை: ஆர்சேகா-வைட்சைடை 57வது இடத்தில் எடுத்தார்கள், டிகே மெட்காஃப் 64வது இடம் வரை இருந்தார்.

ஆனால் அதே 2020 டிராஃப்டின் இரண்டாவது சுற்றில், கார்சன் வென்ட்ஸ் இருக்கும்போது இன்னொரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எதற்கு என்று எல்லோரும் திட்டத் திட்ட எடுத்தது யாரை? ஜேலன் ஹர்ட்ஸை. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திய சூப்பர் பவுலின் (என்எஃப்எல் இறுதிப் போட்டியின்) சிறந்த வீரர் அவர்தான்.

எனக்கு ரோஸ்மேனிடம் பிடித்தது, தவறு செய்த இடத்தை அப்படியே விட்டுவிடாமல் திரும்பப் போய்ச் சரிசெய்வது. ரிசீவர் தேர்வு சொதப்பியதா, 2021ல் டெவான்டா ஸ்மித்துக்காக டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறினார், அப்புறம் 2022ல் முதல் சுற்று வாய்ப்பையும் மூன்றாவது சுற்று வாய்ப்பையும் டென்னசிக்குக் கொடுத்து ஏ. ஜே. பிரவுனையே வாங்கினார். ஒப்பந்தங்களிலும் அப்படித்தான். 2024ல் பிரைஸ் ஹஃபுக்கு மூன்று வருடத்துக்கு 5.1 கோடி டாலர் என்று கையெழுத்திட்டது வீண், ஒரே சீசனில் கதை முடிந்தது. அதே வருடம் வந்த சாக்வான் பார்க்லி அந்த சீசனில் பந்தோடு 2,005 யார்டு ஓடினார், ஒரு வருட ஒப்பந்தத்தில் மலிவாக வந்த ஜாக் பான் ஆல்-ப்ரோ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றவர்) ஆனார். ஒவ்வொரு தேர்வையும் தனியாகப் பிடுங்கி மதிப்பெண் போட்டால் இந்தக் கணக்கு வரவே வராது.