முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தம்: ரன்னிங் பேக் மகனைப் பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகன் ஹூஸ்டனில் பிறந்தவன், பத்தாம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக். இந்த வருடம் வார்சிட்டிக்கு, அதாவது பள்ளியின் முதன்மை அணிக்கு, எடுத்துவிட்டார்கள். "பெரிய கல்லூரிக்குப் போவான், அதற்கு மேலும் போகலாம்" என்கிறார் பயிற்சியாளர். அன்றிலிருந்து பையன் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கணவர் "விடு, ஆடட்டும்" என்கிறார். ஊரிலிருந்து என் அப்பா "கை கால் உடைந்தால் யார் பார்ப்பது?" என்று தினமும் போனில் கேட்கிறார். இதைத் தொழிலாக நம்பலாமா? எத்தனை வருடம் ஓடும்?

பதில்: ஆடட்டும். கணக்குப் புத்தகத்தை மட்டும் இன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். தொழில்முறை ஆட்டம் நடக்கும் என்.எஃப்.எல் லீக்கில் ஒரு ரன்னிங் பேக்கின் சராசரி ஆயுள் சுமார் இரண்டரை வருடம் என்பது வீரர் சங்கத் தரவுகளை வைத்துப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் வருடமே அணியில் இடம் பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் சராசரி ஏறும் என்று லீக் வாதாடும். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் இன்னும் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லீக்கின் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 3 பருவங்கள் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் தடையில்லாமல் பேரம் பேச 4 பருவங்கள் வேண்டும். சராசரி ஆட்டக்காரர் இந்த இரண்டு வாசலையும் எட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்.

விளையாட்டு தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணியின் 11 பேர் மொய்க்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். நம் கபடியில் ரெய்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே தொட்டுவிட்டுத் திரும்பி வர முடியாது. பெரும்பாலும் ஒவ்வொரு ஓட்டமும் 100 கிலோவுக்கு மேற்பட்ட ஒருவர், சில சமயம் மூன்று பேர், மோதி விழுத்துவதில்தான் முடியும். இப்படிப் பந்தைத் தூக்கி ஓடுவதற்கு ‘கேரி’ என்று பெயர். முதன்மை ஆட்டக்காரருக்கு ஒரு ஆட்டத்தில் இருபது கேரி சாதாரணம். பருவத்துக்கு 17 ஆட்டங்கள்.

எனவே இந்த இடத்தில் ஆடுபவருக்கு வயதைவிடக் கேரி எண்ணிக்கைதான் முக்கியம். 2006-ல் கான்சஸ் சிட்டி அணியின் லாரி ஜான்சன் ஒரே பருவத்தில் 416 கேரி எடுத்தார். இன்றுவரை அதுதான் சாதனை. மறு வருடம் காலில் அடிபட்டு எட்டு ஆட்டங்களோடு நின்றார். அதன் பிறகு ஒரு பருவத்தில்கூட அவரால், நல்ல பருவத்துக்கு அளவுகோலான 1,000 யார்டை (ஒரு யார்டு மூன்று அடி) தொட முடியவில்லை.

டென்வர் அணியின் கதை இன்னும் கசப்பானது. டெரல் டேவிஸ் 1995 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்வு) ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 1998-ல் 392 கேரியில் 2,008 யார்டு ஓடினார், அந்தப் பருவத்தில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் வெற்றி வந்தது. 1999-ன் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் கிழிந்தது. டென்வர் என்ன செய்தது? அதே வருடம் ஒலாண்டிஸ் காரி என்ற புதுப்பையனை இறக்கியது. அவர் 1,159 யார்டு ஓடினார். 2000-ல் மைக் ஆண்டர்சன், 1,487. 2002-ல் கிளின்டன் போர்ட்டிஸ், 1,508. முன்னால் வழி திறந்துவிடும் தடுப்பு வீரர்கள் நன்றாக இருந்தால், பின்னால் ஓடுகிறவர் யாராக இருந்தாலும் யார்டு வரும் என்று மற்ற அணிகளும் அப்போதே குறித்துக்கொண்டன. ஓட்டக்காரருக்குச் சந்தையில் விலை குறைந்ததில் இந்தப் பாடத்துக்குப் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து. 2013, 2014, 2022 ஆகிய மூன்று டிராஃப்ட்களில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை.

இனிப் பணம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். இந்த லீக்கில் காற்று வீசும் வருடங்களில் ஓட்டக்காரர் கையில் முறத்தைத் தரமாட்டார்கள். எப்படி என்று பாருங்கள். உயர்நிலைப் பள்ளி முடித்து 3 வருடம் ஆகாமல் டிராஃப்டுக்கே வர முடியாது. ஒஹாயோ ஸ்டேட்டின் மாரிஸ் கிளாரெட் இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு, 2004-ல் மேல்முறையீட்டில் தோற்றார். டிராஃப்டில் எடுத்தால் ஒப்பந்தம் 4 வருடம். முதல் 3 பருவம் முடியும்வரை அதைத் திருத்திப் பேச முடியாது. முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாவது வருடத்தையும் அணியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடிந்தால் ‘ஃபிராஞ்சைஸ் டேக்’ என்று ஒரு ஆணி: ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்து வீரரை வெளியே விடாமல் நிறுத்தலாம். 21 வயதில் உள்ளே வந்தவர் இதையெல்லாம் தாண்டிச் சந்தைக்கு வரும்போது 26, 27 ஆகிவிடும். கால் தளரத் தொடங்கும் வயது என்று அணிகள் பயப்படுவதும் அதே வயதைத்தான்.

சாக்வான் பார்க்லியின் கதையில் இவை எல்லாம் இருக்கின்றன. 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது. 2020-ல் முழங்கால் தசைநார் கிழிந்தது. மீண்டு வந்து 2022-ல் 1,312 யார்டு ஓடினார். நீண்ட ஒப்பந்தம் கேட்டார். கிடைத்தது ஒரு கோடியே 91 ஆயிரம் டாலர் டேக். லீ'வியான் பெல் 2018-ல் இதே டேக்கை ஏற்காமல் பருவம் முழுக்க வீட்டில் இருந்து 1 கோடியே 45 லட்சம் டாலரை விட்டவர், அதன் பிறகு பழைய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. பார்க்லி அந்த வழியில் போகவில்லை. கொஞ்சம் கூடுதல் ஊக்கத்தொகையோடு ஒரு வருடம் ஆடினார், 2024-ல் பிலடெல்பியாவுக்கு மாறினார், அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். தன் 28-வது பிறந்த நாளில் சூப்பர் பவுலை வென்றார். மறு மாதம் கையெழுத்தான நீட்டிப்பு 2 வருடத்துக்கு 4 கோடியே 12 லட்சம் டாலர். வருடத்துக்குச் சராசரி 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்தான்.

உங்கள் மகன் சுவரில் பார்க்லியின் படம் இருந்தால் எடுக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் டாட் கர்லியின் படத்தையும் ஒட்டச் சொல்லுங்கள். கல்லூரியிலேயே முழங்கால் கிழிந்தும் 2015-ல் பத்தாவது ஆளாக ராம்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். 2017-ல் லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர். 2018 கோடையில் 5 கோடியே 75 லட்சம் டாலருக்கு நீட்டிப்பு. அந்தப் பருவத்தின் கடைசியிலேயே முழங்கால் தகராறு செய்தது. இரண்டு அணிகள் கழற்றிவிட்டிருந்த சி.ஜே. ஆண்டர்சன் டிசம்பரில் வந்து அவருடைய ஓட்டத்தைப் பங்குபோட்டார். 2020 மார்ச்சில் ராம்ஸ் அணி கர்லியை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு பருவம், அத்தோடு சரி. கடைசி ஆட்டத்தின்போது வயது 26.

நீண்ட நாள் ஓடியவர்கள் இல்லையா? உண்டு. இரண்டு முழங்காலும் கல்லூரியிலேயே கிழிந்த ஃபிராங்க் கோர் 16 பருவங்கள் ஆடி, 16,000 யார்டு ஓடினார். டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடினார். அவர்களை வைத்து உங்கள் வீட்டுத் திட்டத்தைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

சாதாரண ஆட்டக்காரருக்கு வருவது என்ன? 2025-ல் முதல் வருட வீரரின் குறைந்தபட்ச ஊதியம் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பயிற்சி அணியில் மட்டும் இருப்பவருக்கு வாரம் 13,000. கேட்க இனிக்கும். ஆனால் அடிப்படை ஊதியம் பருவம் ஓடும்போது வாராவாரம்தான் சேரும், பல ஒப்பந்தங்களில் உத்தரவாதமும் கிடையாது. செப்டம்பரில் கழற்றிவிட்டால் அக்டோபருக்குப் பணமில்லை. கையெழுத்துத் தொகையும் உத்தரவாதத் தொகையும்தான் நிஜப் பணம். செய்தித்தாள் தலைப்பில் வரும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். பல மாநிலங்களில் அந்தந்த ஊரில் ஆடிய நாளுக்கு அந்தந்த மாநிலமும் வரி கேட்கும். முகவருக்கு அதிகபட்சம் 3 சதவீதம்.

இந்த வாசலுக்குக்கூட வருகிறவர்கள் எத்தனை பேர்? நாடு முழுக்கப் பள்ளிகளில் சுமார் 10 லட்சம் பேர் ஃபுட்பால் ஆடுகிறார்கள். 2025 டிராஃப்டில் எல்லா இடங்களுக்கும் சேர்த்து 257 பேர்தான்.

எனவே என் ஆலோசனை, லீக்கை மறந்துவிட்டுக் கல்லூரியைக் குறிவையுங்கள். அங்கேதான் உங்கள் மகனின் ஓட்டத்துக்கு நம்பகமான விலை இருக்கிறது. உதவித்தொகையில் ஒரு பட்டம் வந்தாலே இந்த முழங்கால்கள் தம் வேலையைச் செய்துவிட்டன என்று சொல்வேன். 2025 முதல் பெரிய பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம்; முதல் வருடத்துக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். மகன் ஹூஸ்டனில் பிறந்தவன் என்பதால் உங்களுக்கு ஒரு தலைவலி இல்லை. எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவருக்கானது) விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பணத்தையோ விளம்பரப் பணத்தையோ தொடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் சம்பாதித்தால் குடும்பத்தின் கிரீன் கார்டு கனவுக்கே வேட்டு.

கணக்குப் புத்தகம் இங்கேதான் வருகிறது. முதல் டிவிஷன் கல்லூரியில் ஆட, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ அமைப்பு கேட்பது 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் நான்குக்கு 2.3 சராசரியும். அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கைக் கைவிட்டவன் பதினொன்றில் பிடிக்க முடியாமல் தவிப்பான். டெக்சஸில் 1984-லேயே வந்த சட்டம் வேறு இருக்கிறது: மதிப்பெண் 70-க்குக் கீழே போனால் ஆடக் கூடாது. பையனிடம் எதிர்காலம், படிப்பு என்றெல்லாம் பேச வேண்டாம். இதைச் சொல்லுங்கள், புரிந்துவிடும். எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று பார்க்கும்போது, ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை, ஆனால் நல்ல மதிப்பெண்ணுள்ள ஆட்டக்காரர்களைத் தேடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

மைதானத்தில் அவன் கற்க வேண்டியவை இரண்டு. வீசும் பந்தைப் பிடிப்பது, குவாட்டர்பேக் மேல் பாயும் எதிராளியைத் தடுப்பது. இரண்டாவது யாருக்கும் பிடிக்காத வேலை, கைதட்டலும் கிடையாது. ஆனால் அது தெரியாத இளைஞரை எந்தப் பயிற்சியாளரும் மூன்றாவது டவுனில், அதாவது பெரும்பாலும் பந்தை வீசும் மூன்றாவது முயற்சியில், நம்பி இறக்கமாட்டார். டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆஸ்டின் எக்லர் லீக்கில் நிலைத்ததற்குப் பந்தைப் பிடிக்கும் கைகளும் ஒரு காரணம். முடிந்தால் வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் இடத்திலும் தற்காப்பில் கடைசி வரிசையான சேஃப்டி இடத்திலும் பழகட்டும். கல்லூரி போய் இடம் மாறியவர்கள் நிறைய.

உங்கள் அப்பாவின் கவலையில் கை காலைவிடத் தலைதான் முக்கியம். திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் வரும் சி.டி.இ நோயை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்னும் வழி இல்லை. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த 111 என்.எஃப்.எல் வீரர்களின் மூளைகளில் 110-ல் அது இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்தார்கள், அதனால் எல்லா வீரருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் அலட்சியம் செய்கிற எண் இல்லை. டெக்சஸ் சட்டப்படி, தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது, பயிற்சியாளர் தானாக முடிவுசெய்யவும் முடியாது. தலைசுற்றலை மறைத்துவிட்டு ஆடினால் அடுத்த வாரமே நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். தலையைக் குனிந்து முட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே உடைக்க வேண்டும்.

பயிற்சியாளரைச் சந்திக்கும்போது "எந்தக் கல்லூரி?" என்று முதலில் கேட்காதீர்கள். "ஒரு ஆட்டத்துக்கு எத்தனை கேரி கொடுப்பீர்கள்? ஆட்டம் கைக்கு வந்த பிறகு வெளியே எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். நாற்பது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கடைசிக் கால் பகுதியான நான்காவது குவாட்டரில் உங்கள் பிள்ளையை ஓடவிடுகிறவர் தன் சாதனைக்காக ஓடவிடுகிறார். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் போகும்போது சின்ன நோட்டு ஒன்று எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கேரிக்கும் ஒரு கோடு. பருவம் முடிந்ததும் அந்த எண்ணையும் கணக்கு மதிப்பெண்ணையும் எழுதி அனுப்பினால், பதினொன்றாம் வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.