பதில்: மகளின் பேச்சில் 'இன்டொமிற்றபிள்' பிழையா?

உங்கள் மகள் தன் ஆங்கிலப் பேச்சில் திருகோணமலை பிரெட்றிக் கோட்டையை 'இன்டொமிற்றபிள்' (indomitable) என்று எழுத, ரீச்சர் அந்தச் சொல்லைச் சுழித்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். ரீச்சர் சுழித்தது சரிதான், ஆனால் மகளின் சொல் வீண்போகவில்லை. இடம்தான் மாறிவிட்டது.

'இன்டொமிற்றபிள்' என்பது அடக்கிப் பணியவைக்க முடியாத மன உறுதியைக் குறிக்கும். லத்தீனில் விலங்கைப் பழக்கி அடக்குவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. அதனால் ஸ்பிரிற் (spirit, மன ஊக்கம்), வில் (will, மனத்திடம்), கரேஜ் (courage, துணிச்சல்) போன்ற சொற்களோடுதான் பெரும்பாலும் சேரும். கல்லுக்கும் மதிலுக்கும் ஒட்டாது. படையோ விளையாட்டு அணியோ என்றால் 'இன்வின்சிபிள்' (invincible), வெல்ல முடியாதது. அந்தப் பெயரோடு போன பிரித்தானியப் போர்க்கப்பல் 1916இல் ஜட்லாண்ட் சண்டையில் வெடித்து மூழ்கியது வேறு கதை!

கோட்டைக்கு ஆங்கிலத்தில் வழக்கமாக வருவது 'இம்ப்ரெக்னபிள்' (impregnable), அதாவது யாராலும் பிடிக்க முடியாதது. அதையும் நம்ம பிரெட்றிக் கோட்டைக்குப் போட நான் விடமாட்டேன். போர்த்துக்கேயர் கட்டியதை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஆங்கிலேயர் பிடிக்க, அதே ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். இத்தனை கை மாறிய கோட்டையை யாராலும் பிடிக்க முடியாதது என்று திருகோணமலைப் பிள்ளையே மேடையில் சொன்னால் நடுவர் சிரிப்பார். 'ஹிஸ்டொறிக்' (historic, வரலாற்றுச் சிறப்புள்ள) போதும்.

மகளின் சொல்லை 2004 சுனாமிக்குப் பிறகு மீண்டும் கடலுக்குப் போன மீனவரைப் பற்றிப் பேச்சில் வரும் பகுதிக்கு நகர்த்துங்கோ: 'தெயார் இன்டொமிற்றபிள் ஸ்பிரிற்'. அங்கே கச்சிதமாக உட்காரும். சொல்லும்போது அழுத்தம் 'டொ'வில் விழவேண்டும், 'மி'யில் இல்லை.