கண்ணை மூடினால் லேசரிலிருந்து தப்பலாமா?
உங்கள் கதையில் வீரன் லேசரை அடிக்க, எதிரி சட்டென்று கண்ணை மூடித் தப்பிக்கிறான்; நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இமை மூடக் கால் விநாடி ஆகும். லேசர் துடிப்புக்கு, அதாவது ஒரு முறை ஒளி பாய்ந்து நிற்பதற்கு, சில நானோவிநாடி (விநாடியில் நூறு கோடியில் சில பங்கு) போதும். அதிலும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் கதிர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஊசிமுனைப் புள்ளியாகக் குவித்துவிடும். எதிரி பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

அப்புறம், ‘கொல்வதைவிடக் குருடாக்குவது மேல்’ என்று தளபதி வாதாடும் இடம். நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கவென்றே செய்த லேசர் ஆயுதத்தை 1995 வியன்னா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம் தடை செய்கிறது. தூரம் அளக்கும் லேசர் தற்செயலாகக் கண்ணில் பட்டால் அந்தத் தடைக்குள் வராது. உங்கள் தளபதி நழுவப் பார்க்கும் சந்து அதுதான். வசனத்தை அங்கே வையுங்கள்.