தொடக்கச் சம்பளமும் சிவில் படிப்பும்: ஈசூன் வாசகிக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

என் மகன் தேசிய சேவையை முடிக்கப் போகிறான். பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியலில் இடம் கிடைத்திருக்கிறது. “கணினி படித்தால் எடுத்த எடுப்பிலேயே நல்ல சம்பளம், இவன் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கட்டுமானத் தளத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு தாய், ஈசூன்

அன்புள்ள அம்மா,

உறவினர்கள் சொல்வது பொய்யல்ல. கணினித் துறைப் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் சிவில் பொறியாளருடையதைவிட இங்கே சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகவே அதிகம். ஆனால் அதை மட்டும் பார்த்துப் படிப்பை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக எடுக்கும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைப் பாருங்கள். எல்லாத் துறைகளையும் சேர்த்து, நிரந்தர முழுநேர வேலையில் இருப்போரின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின்) மாதச் சம்பளம் 2023இல் 4,313 வெள்ளியாக இருந்து, 2024இல் 4,500 வெள்ளியாக உயர்ந்தது. அதே ஓராண்டில், அப்படிப்பட்ட வேலை கிடைத்தவர்களின் விகிதம் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. வேலை கிடைக்காதவர்களும், தற்காலிக வேலையிலும் பகுதிநேர வேலையிலும் இருப்பவர்களும் அந்தச் சம்பளக் கணக்கில் வருவதில்லை என்பதால், பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். அந்த 4,500 வெள்ளியிலும் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போக, கைக்கு வருவது 3,600 வெள்ளி.

வேலைக்குத் தேவை இருக்கிறதா என்றால், சாங்கியின் ஐந்தாம் முனையம், குறுக்குத் தீவு ரயில் பாதை, 2040களில்தான் முழுமை பெறவிருக்கும் துவாஸ் துறைமுகம் ஆகிய மூன்றுமே உங்கள் மகன் பட்டம் வாங்கிய பிறகும் ஆள் கேட்கும் பணிகள்.

என் முதல் வேலையில், ஓர் இரவு பதினொரு மணிக்குக் கான்கிரீட் லாரி வந்து நின்றது. கலவை சரியான பதத்தில் இருக்கிறதா என்று சோதிக்க, 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் அதை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்கினேன். கலவை அளவுக்கு மீறிச் சரிந்தது. லாரியைத் திருப்பி அனுப்பும் தாளில் நான்தான் கையெழுத்திட வேண்டும். ஓட்டுநர் சத்தம் போடுகிறார், தூணருகே தொழிலாளர்கள் காத்திருக்கிறார்கள். கை நடுங்கித்தான் கையெழுத்திட்டேன். அந்தக் கலவை ஊற்றப்பட்டிருந்தால் அந்தத் தூணை நம்பி மேலே பல குடும்பங்கள் குடியேறியிருக்கும்.

இத்தகைய அனுபவம் குறைந்தது நான்கு ஆண்டுகள் இருந்து, உரிய தேர்வுகளிலும் தேறினால்தான் நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு செய்ய முடியும். கட்டமைப்பு வரைபடத்தில் அப்படிப் பதிவு பெற்றவரின் கையெழுத்தைச் சட்டமே கேட்கிறது. தொடக்கத்தில் பின்தங்கியிருந்த சிலர் இந்தப் பதிவுக்குப் பிறகு மேலே வந்ததை நான் அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு இதில் விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். வேலைப் பயிற்சிக்கு அலுவலகம் வேண்டாம், கட்டுமானத் தளமே வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெயில் அவனுக்கு ஒத்துவருமா என்பது அந்தச் சில மாதங்களில் அவனுக்கே தெரிந்துவிடும்.