ஹருகாஸில் ‘கீழ்மாடி’ என்று விற்பவரை நம்பாதீர்கள்

கேள்வி: அம்மாவுடன் (68 வயது, முழங்கால் வலி) ஒசாகா போகிறோம். அபெனோ ஹருகாஸ் கட்டடத்தில் உள்ள ஹோட்டலில் அறை. நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும்? கூடுதல் பணம் கொடுத்தால் ‘பாதுகாப்பான கீழ்மாடி’ வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஹோட்டலில் அறைகள் ஆரம்பிப்பதே 38ஆம் மாடியில்தான். அதற்குக் கீழே அலுவலகங்களும் டிபார்ட்மென்ட் ஸ்டோரும். இல்லாத கீழ்மாடிக்குக் காசு கேட்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எந்த மாடி என்பதை முடிவு செய்வது ஹோட்டல், ஏஜென்ட் அல்ல.

கட்டடம் விழுமா என்று பயப்பட வேண்டாம். ஜப்பானில் 60 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குத் தனி ஆய்வும் அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். 2014இல் திறந்த ஹருகாஸ் 300 மீட்டர். அதிர்வை உறிஞ்சும் எண்ணெய் டாம்பர்கள் உள்ளே இருக்கின்றன.

விழாது, ஆனால் ஆடும். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்கே பூகம்பம் வந்தபோது, சுமார் 770 கிலோமீட்டர் தள்ளி, ஒசாகா கடலோரத்தில் இருக்கும் 256 மீட்டர் சகிஷிமா அரசுக் கட்டடம் ஏறக்குறைய பத்து நிமிடம் ஆடியது. உச்சியில் ஒரு பக்கத்துக்கு சுமார் 1.4 மீட்டர்! தரையில் பதிவான தீவிரம், 7 வரை போகும் ஜப்பான் அளவுகோலில், வெறும் 3. லிஃப்டுகள் நின்றன, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வரும் மெதுவான அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தீவிரம் 3 என்று டிவியில் வந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். உயரக் கட்டடங்களுக்கென்று 1 முதல் 4 வரை வேறொரு அளவுகோல் இருக்கிறது. அதை முன்னெச்சரிக்கையில் சேர்க்க 2023 வரை காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம்! இதற்கு என்ன அவசரம் என்று நினைத்தார்களோ.

உங்கள் உண்மையான பிரச்சினை லிஃப்ட். அதிர்வு தெரிந்ததும் பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்கும். அப்புறம் பெரும்பாலும் டெக்னீஷியன் வந்து பார்த்த பிறகுதான் மறுபடி ஓடும். 2018 ஜூனில் ஒசாகாவில் ஏகப்பட்ட லிஃப்டுகள் இப்படி நின்றன. அம்மாவால் 38 மாடி இறங்க முடியாதென்றால், ஹருகாஸை ஒட்டிய தென்னோஜி பக்கம் உயரம் குறைவான ஹோட்டல் பாருங்கள். ஹருகாஸைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 16ஆம் மாடித் தோட்டத்துக்குப் போய் வரலாம், கட்டணம் கிடையாது.

அங்கேயேதான் தங்குவீர்களென்றால், இரவில் சக்கரப் பெட்டியைப் படுக்க வையுங்கள். செருப்பும் மாத்திரையும் கட்டிலருகில் இருக்கட்டும். ஆட ஆரம்பித்தால் கண்ணாடியை விட்டு விலகித் தரையில் உட்காருங்கள், படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். லிஃப்டுக்குள் இருந்தால் எல்லா மாடி பொத்தான்களையும் அழுத்துங்கள்.

ரத்து செய்வதாக இருந்தால், ஏஜென்டிடம் கேட்பதற்கு முன் ஹோட்டலுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா, எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.